மகள் பெயரில் ஒரு பரிசு: பதக்கமா, களப்பணிக்குப் பணமா?

கேள்வி: எங்கள் ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் முதுகலை மானிடவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஜவ்வாது மலையில் ஒன்றரை மாதம் தங்கி ஆய்வேட்டுக்கான வேலையை முடித்துவிட்டு வந்தவள், போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த 8 லட்சம் ரூபாயை அவள் படித்த துறைக்கே அவள் பெயரில் கொடுக்க நினைக்கிறோம். முதல் மதிப்பெண் எடுப்பவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்பது என் அண்ணன் யோசனை. ஏழைப் பிள்ளைக்கு உதவினால் போதும் என்கிறாள் மனைவி. இந்தத் தொகை போதுமா? யாருக்கு, எப்படிக் கொடுப்பது? அவள் மலையில் எழுதிய நோட்டுகள் பதினொன்று பெட்டியில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தென் மாவட்டம்

பதில்:

ஐயா,

உங்கள் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் பத்து நாளாகிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு என்ன எழுதினாலும் போதவில்லை. அதனால் நீங்கள் கேட்டதற்கு நேராகவே வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் மானிடவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உதவித்தொகை, நினைவுப் பரிசு என்று பல தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பதக்கம் வேண்டாம். இந்தப் பணம் முதுகலை மாணவர்கள் களப்பணிக்குப் போகும் செலவுக்கு உதவட்டும். அதுவும் அவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கையில் கிடைக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மானிடவியல் மாணவருக்குக் களப்பணி என்பது ஒரு நாள் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிற வேலை இல்லை. ஓர் ஊரில் போய்த் தங்க வேண்டும். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டு, காட்டுக்குப் போகும்போது கூடப் போய், சாவு வீட்டில் உட்கார்ந்து, திருவிழாவில் நின்று, ராத்திரி அத்தனையையும் எழுதிவைக்க வேண்டும். முதுகலையில் பெரும்பாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம். அந்த நாட்களில்தான் ஒரு பிள்ளை மானிடவியலாளர் ஆகிறதா இல்லையா என்பது தெரியும். உங்கள் மகள் அதை முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றால், அவள் படிப்பின் கடினமான பகுதியைத் தாண்டியவள் என்றுதான் அர்த்தம்.

அந்த ஒன்றரை மாதத்துக்கு ஆகும் செலவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. என் மாணவி ஒருத்தியின் நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தாள்: பஸ், மலையேற மினி பஸ், திண்ணையோடு ஒரு அறை வாடகை, டார்ச்சுக்குப் பேட்டரி, மூன்று குயர் நோட்டு, வெற்றிலை பாக்கு, குழந்தைகளுக்கு பிஸ்கட், மறுபடியும் வெற்றிலை பாக்கு. பெரியவர்களிடம் போய் உட்காரும்போது வெறுங்கையோடு போக முடியாது இல்லையா? அந்த வெற்றிலை பாக்குக் காசை எந்த அலுவலகத்தில் கேட்பது? முப்பத்தோராவது நாளில் மீதி என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தாள். பத்து நாள் முன்னதாகவே காசு தீர்ந்து, ஊருக்கு இறங்கி வந்துவிட்டாள். அவள் வந்த மறுவாரம் அந்த ஊரில் அம்மன் திருவிழா. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு அந்த ஊரின் சடங்குகள். திருவிழாவைப் பற்றிய அத்தியாயத்தைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதினாள். நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் நேரில் பார்த்து எழுதியிருக்க வேண்டிய அத்தியாயம் அது.

நானும் அந்த வழியாக வந்தவன்தான். மாணவனாக இருந்தபோது எனக்கும் ஓர் உதவித்தொகை கிடைத்தது. பணம் கைக்கு வந்தபோது களப்பணி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அக்காவின் வளையல் அடகுக்குப் போய் மீண்டும் வந்திருந்தது. பரிசு அறிவித்தவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் எந்த மாதம் பணம் தேவை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஏன் முதுகலை என்கிறேன்? மேலே போகப் போகப் பணம் இருக்கிறது, ஐயா. முனைவர் பட்டத்துக்குப் போய், பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் 2023 ஜனவரியிலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய். முதல் இரண்டு வருடம் கழித்து அது 42,000 ஆகிறது. பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை வருடத்துக்கு 750 பேருக்கு உண்டு. சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுமத்தின் உதவித்தொகை இருக்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகமும் ஆய்வாளர்களை எடுக்கிறது. வெளிநாட்டில் வென்னர்-கிரென் அறக்கட்டளை முனைவர் பட்டக் களஆய்வுக்கு 25,000 டாலர் வரை தருகிறது. அதற்கு எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். லண்டனில் ராயல் மானிடவியல் கழகம் எம்ஸ்லி ஹார்னிமன் பெயரில் 1944 முதல் களஆய்வு நிதி நடத்துகிறது. இவை எல்லாமே அந்தப் படியை எட்டிவிட்டவர்களுக்கானவை. முதுகலை மாணவருக்கு அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் விடுதியையும் ஓரளவு பார்த்துக்கொள்கிறது. ஆனால் களத்துக்குப் போய்த் தங்கும் அந்த நாற்பது நாளுக்கென்று பெரும்பாலும் எதுவும் இல்லை. நன்றாகக் களப்பணி செய்யாத பிள்ளை அடுத்த படிக்குப் போவதும் கடினம். உங்கள் 8 லட்சம் முனைவர் பட்டத்துக்குப் போனால் கடலில் கரைத்த பெருங்காயம். முதுகலைக் களப்பணிக்குப் போனால் வருடா வருடம் இரண்டு பேருக்கு முழுச் செலவு.

பதக்கம் வேண்டாம் என்று சொல்லக் காரணம், முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே எல்லாம் கிடைக்கிறது என்பதுதான். பட்டமளிப்பு விழாவில் ஒரே மாணவி நான்கு பதக்கத்துக்கு நான்கு முறை மேடை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் உழைப்புக்கு அது தகும், குறையாகச் சொல்லவில்லை. ஐந்தாவது பதக்கத்தால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதுதான் என் பேச்சு. தங்கம் விற்கிற விலையில் இன்றைய பதக்கங்கள் பெரும்பாலும் முலாம் பூசியவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்வு மதிப்பெண்ணுக்கும் களப்பணிக்கும் அதிகம் சம்பந்தமில்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவி பக்கத்தில் திண்ணையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிவதற்கு எந்த வினாத்தாளிலும் மதிப்பெண் இல்லை.

உங்களைப் போலவே பிள்ளையை இழந்த ஒரு குடும்பம் செய்ததைச் சொல்கிறேன். 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் என்பவர் தலைமையில் ஏழு பேர், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனார்கள். களத்துக்கே போய் மானிடவியல் செய்ய வேண்டும் என்ற வழக்கத்துக்கு அந்தப் பயணம்தான் பெரிய தொடக்கம். ஏழு பேரில் ஒருவர் ஆண்டனி வில்கின். அப்போது மாணவர். புகைப்படம் எடுக்கும் பொறுப்பு அவருடையது. திரும்பி வந்து, அல்ஜீரியா, எகிப்து என்று வேலை செய்துகொண்டிருந்தவர் 1901-ல் கெய்ரோவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்துபோனார். இருபதுகளின் தொடக்க வயது. அவர் நினைவாகக் கேம்பிரிட்ஜில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். பதக்கமாக வைக்காமல், களத்துக்குப் போகிறவருக்குப் பணமாக வைத்தார்கள். அந்தப் பணத்தில் 1906-ல் ஓர் இளைஞர் அந்தமானுக்குக் கப்பல் ஏறினார். அவர்தான் பின்னாளில் இந்தத் துறையின் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் வரும் ராட்கிளிஃப்-பிரவுன். 1920-களின் கடைசியில் அதே உதவித்தொகையில் நியூகினிக்குப் போனவர் கிரிகரி பேட்சன், அவரும் பின்னாளில் பெயர்பெற்ற மானிடவியலாளர். வில்கினுக்கு நீண்ட ஆயுள் இல்லை. ஆனால் அவர் பெயரிலிருந்த பணம் வேறு இரண்டு பேரைத் தீவுகளுக்கு அனுப்பிவைத்தது.

அதே ஏழு பேரில் இன்னொருவர் ரிவர்ஸ். நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1901, 1902-ல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906-ல் பெரிய நூல் வெளியிட்டவர். அவர் 1922-ல் இறந்த பிறகு ராயல் மானிடவியல் கழகம் அவர் பெயரில் ஒரு பதக்கம் வைத்தது. களப்பணியில் சிறந்தவர்களுக்கு என்று வைத்த பதக்கம்தான், மதிப்பானதும்கூட. வேலையைச் செய்து முடித்துப் பெயர் வாங்கியவர்களுக்கு அது போகிறது. ஒரே பயணத்தில் போன இரண்டு பேருக்கு இரண்டு விதமான நினைவு. உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், வில்கினுக்குச் செய்ததைத்தான் சொல்வேன். அவளும் அவரைப் போல இளம் வயதிலேயே போனவள்.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த மிஷெல் ரொசால்டோ 1981-ல் பிலிப்பைன்ஸ் மலையில் களஆய்வுக்குப் போன இடத்தில் பாதையிலிருந்து தவறி விழுந்து இறந்தார். வயது 37. பெண்கள், உணர்ச்சிகள், பேச்சு என்று அவர் எழுதியவற்றை நாங்கள் இன்றும் வகுப்பில் படிக்கிறோம். அவர் பெயரில் அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருப்பது இளங்கலை மாணவர்கள் கோடை விடுமுறையில் களஆய்வுக்குப் போவதற்கான நிதி. இத்தனை பெரிய ஆய்வாளரின் நினைவை, இன்னும் பட்டம்கூட வாங்காத பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு.

சரி, தொகைக்கு வருவோம். 8 லட்சம் போதும். வைப்பு நிதியில் வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 52,000 ரூபாய். ஆனால் அதை முழுவதும் செலவு செய்ய எழுதிக்கொடுக்காதீர்கள். இதில்தான் பல நல்ல அறக்கட்டளைகள் செத்துப்போயின. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். நான் பார்த்த ஓர் அறக்கட்டளையில், அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் 5,000 ரூபாய் போட்டிருந்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. இன்று அதன் வட்டியிலிருந்து மாணவருக்குக் கிடைப்பது 300 ரூபாய்ச் சொச்சம். பரிசு வாங்க ஊரிலிருந்து வந்து போன பஸ் கட்டணம் அதைவிட அதிகம். போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்று அன்று நினைத்துக்கொண்டேன். அதனால் வட்டியில் கால் பங்கு, அதாவது 13,000 ரூபாய், ஒவ்வொரு வருடமும் மூலதனத்தோடு சேர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். மீதி 39,000. ஆளுக்கு 18,000 வீதம் இரண்டு மாணவர்களுக்கு 36,000. மிச்சம் 3,000 எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாமே என்று துறையில் கேட்பார்கள். பாதி வழிக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை. இரண்டு பேர் போதும்.

யாருக்கு என்ற கேள்விக்கு, உங்கள் துணைவியார் சொல்வதுதான் சரி என்பேன். ஒரு சின்னத் திருத்தத்தோடு. ஏழை என்பதற்கு வருமானச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியா, வேறு உதவித்தொகை எதுவும் வருகிறதா என்று கேட்டாலே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். கூடவே, எங்கே போகப்போகிறாய், எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று ஒரே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழிலும் எழுதலாம் என்று விதியிலேயே போட்டுவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு முறை தேர்வுக் குழுவில் இருந்தபோது, அளவாக, அழகாக ஆங்கிலத்தில் எழுதிய மாணவருக்குக் கொடுத்தோம். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு பெண்ணை விட்டுவிட்டோம். அவள் அம்மாவே உப்பளத் தொழிலாளி. அந்த வருடம் வந்த ஆய்வேடுகளிலேயே நான் படித்ததில் சிறந்தது அவளுடையதுதான். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் களப்பணி செய்தாள் என்று பின்னால் தெரிந்தது. அந்தத் தேர்வுப் பட்டியலில் என் கையெழுத்தும் இருக்கிறது. தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் அவள் பக்கத்தைப் படித்த நிமிடமே எங்களுக்குப் புரிந்திருக்கும்.

அண்ணன் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் பாசத்தில் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் யாரைத் தேடிப் போனாள் என்று பாருங்கள். தன் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத மலைக்குப் போய், அங்கிருந்த வீடுகளில் சோறு வாங்கிச் சாப்பிட்டு, அவர்கள் வாழ்க்கையை எழுதினாள். அவள் பெயரிலுள்ள பணம் ஒரு வட்டத்துக்குள் நிற்பது அவள் படிப்புக்குப் பொருந்தாது. ஏதாவது ஒதுக்க வேண்டும் என்று மனசு இருந்தால், இரண்டில் ஒன்று மாணவிக்கு என்று வையுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் களத்தில் கூடுதல் செலவு உண்டு. பாதுகாப்பான வீடாகப் பார்க்க வேண்டும். முதல் சில நாள் அம்மாவோ தோழியோ துணைக்கு வர வேண்டியிருக்கும். துணைக்கு வருபவரின் செலவும் இதில் சேரும் என்று ஒரு வரி எழுதினால், அனுப்பத் தயங்குகிற ஒரு அப்பா சம்மதிப்பார். நீங்கள் அனுப்பியவர், உங்களுக்கே தெரியும்.

பத்திரத்தில் இன்னொரு வரி மிக முக்கியம். பணம் களப்பணி தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு மாணவரின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். ரசீது கேட்கக் கூடாது. ரசீது வேண்டாம் என்றால் நிதி அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். மலை ஊரில் ஜீப்காரர் ரசீது தர மாட்டார், வாடகை வாங்கும் பாட்டியும் தர மாட்டார். ரசீது கேட்டால் பிள்ளைகள் பொய் ரசீது தேடி அலைவார்கள். முதல் அனுபவத்திலேயே அதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, திரும்பி வந்ததும் செலவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும், வழிகாட்டியின் கையெழுத்தும் போதும்.

இப்போது அந்த 3,000 ரூபாய். ராட்கிளிஃப்-பிரவுன் தன் புத்தகத்தில் எழுதிய 'பெரிய அந்தமானியர்' (கிரேட் அந்தமானிஸ்) என்ற பழங்குடி மக்கள் இன்று சில பத்துப் பேராகக் குறைந்துவிட்டார்கள். நோயும் காலனி ஆட்சியும் செய்த வேலை அது. அவர்களைப் பற்றிய புத்தகம் உலகமெங்கும் படிக்கப்பட்டது. அதனால் அவர்கள் வீட்டுக்கு என்ன வந்தது என்ற கேள்வி எங்கள் துறையை இன்றும் விடவில்லை. தமிழ்நாட்டில் பட்டியலில் உள்ள பழங்குடிகள் 37. அவர்களில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களை மிகவும் நலிந்தவர்கள் என்று அரசே தனியாக வைத்திருக்கிறது. வருடா வருடம் மாணவர்கள் இவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது. அதனால் உதவி வாங்குகிற மாணவர், தான் எழுதியதன் சுருக்கத்தைத் தமிழில் இருபது பக்கத்தில் அச்சிட்டு, அந்த ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். அச்சுக்கும் பஸ்ஸுக்கும் அந்த 3,000. ஊர்க்காரர்கள் படித்துவிட்டு, இது தப்பு, இது சரி என்று சொல்வார்கள். அதை நேரில் கேட்பது எந்தத் தேர்வுக்கும் குறைந்தது இல்லை.

அலுவலக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துறைத்தலைவர் மூலமாகப் பதிவாளருக்குக் கடிதம் கொடுப்பீர்கள், ஆட்சிக்குழு ஒப்புதலுக்குப் போகும், பிறகு பத்திரம். பத்திரம் கையெழுத்தானால் பணம் திரும்ப வராது, விதிகளை மாற்றுவதும் சுலபமில்லை. அதனால் ஒரு வருடம் தகுதியான மாணவர் இல்லையென்றால் வட்டி அடுத்த வருடத்துக்குப் போகும் என்றும், துறை வேறொன்றோடு இணைக்கப்பட்டால் களஆய்வு செய்யும் சமூகவியல் அல்லது நாட்டார் வழக்காற்றியல் மாணவருக்குப் போகும் என்றும், வருடக் கணக்கு உங்களுக்கும் உங்களுக்குப் பின் நீங்கள் குறிப்பிடும் ஒருவருக்கும் வரும் என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். நிர்வாகச் செலவென்று எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குங்கள். வருமான வரியில் நன்கொடைக்கு உள்ள சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். நீங்கள் புதிய முறைக்கு மாறியிருந்தால் அது கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அவசரம் வேண்டாம் என்பதையும் உரிமையோடு சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. இந்த நேரத்தில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். இந்த 8 லட்சம் போக, உங்கள் இருவரின் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் தனியாக வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் 5 லட்சத்தில் தொடங்கி வருடத்துக்கு ஒருவரை அனுப்பினாலும் நிறைவுதான். இன்னொரு வழியும் உண்டு. பணம் உங்கள் வங்கியிலேயே இருக்கட்டும். இரண்டு வருடம் வட்டியை மட்டும் துறை மூலமாக மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். துறை எப்படி நடத்துகிறது, அறிவிப்பு எல்லோருக்கும் போகிறதா, பணம் காலத்தில் சேர்கிறதா என்பது தெரிந்துவிடும். அப்புறம் பத்திரம் எழுதலாம். என்னைக் கேட்டால் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக அந்தப் பதினொரு நோட்டுகள். கடிதத்தில் நீங்கள் ஓரமாகக் கேட்ட கேள்வி. எனக்கு அதுதான் மனசில் நின்றது. அவற்றை அச்சிட வேண்டாம். அதில் இருப்பது உங்கள் மகளின் எழுத்து மட்டும் இல்லை. அந்த மலையில் யாரோ ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிச் சொன்னது, யாரோ ஒருவர் நிலத் தகராறைப் பற்றிச் சொன்னது எல்லாம் இருக்கும். அவளை நம்பிச் சொன்னவை. அதேபோல் எடைக்கோ பரணுக்கோ போகவும் கூடாது. நம் நாட்டு மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் செய்த களப்பணியின் குறிப்புகளைப் பல வருடம் ஒழுங்குபடுத்தி மூன்று பிரதிகளாக வைத்திருந்தார். 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில் மூன்றும் எரிந்துபோயின. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை எழுதினார். உங்கள் மகளின் நோட்டுகளுக்கு அப்படி எழுத ஆள் இல்லை. அதனால் முதல் வேலையாக எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டும்போது மனசு தாங்காது என்றால், அவளோடு படித்த பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மகிழ்ந்து வருவார்கள்.

அப்புறம் அவளுடைய வழிகாட்டியிடம் போங்கள். ஆய்வேடு எந்த நிலையில் நின்றது, அதை முடித்துத் துறையில் வைக்க வழி உண்டா என்று கேளுங்கள். ஆட்களின் பெயரை மாற்றி, ஊரார் சம்மதத்தோடு, பின்னால் வருகிற ஒரு மாணவர் அந்த நோட்டுகளைப் பயன்படுத்தலாம். அதே மலைக்கு அதே நிதியில் போகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. நோட்டுகளில் யாரையும் குறிப்பிடாத பக்கங்களும் இருக்கும். முதல் நாள் மலை ஏறியது, மழை, ராத்திரிக் குளிர், கேழ்வரகுக் களி சாப்பிடப் பழகியது. அப்படி ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து, அவள் கையெழுத்திலேயே நகலெடுத்து, உதவி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் சான்றிதழோடு கொடுங்கள். 'இன்னார் நினைவாக' என்று அச்சடித்த ஒரு வரியைவிட, தனக்கு முன்னால் மலையேறிய ஒரு பெண்ணின் கையெழுத்து அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்.

துறையிலிருந்து வரைவு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலிமேல் தூக்கி வையுங்கள். நோட்டுகளுக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். மழைக்காலம் வருகிறது, கரையான் வந்தால் ஒரு வாரம்கூட ஆகாது.